சின்னக்கானலில் ஏது ரயில்

அன்பு மகன் ரியாஸுக்கு, உன் சின்னத்தா எழுதுவது. எவ்வளவு கோபத்தில் இருந்தாலும் ஸலாம் சொல்லாமல் கடிதத்தைத் தொடங்கக் கூடாது என்று எங்கள் அத்தா சொல்லி வளர்த்திருக்கிறார். ஆகவே ஸலாம். சொல்லியாயிற்று. இனி கோபம்.

உன் நிக்காஹ் கார்டு நேற்று அச்சகத்திலிருந்து வந்தது. உன் அத்தா பெயருக்கு முன்னால், காலமானவர் என்பதற்கு மர்ஹூம் என்று போட்டு, அதற்குக் கீழே அழைப்பவர் என்ற இடத்தில் என் பெயரைத் தங்க எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறாய். புதுநகரத்தில் இதுவரை யாரும் இப்படியொரு கார்டு அடித்ததில்லை என்று அச்சகத்துக்காரரே சொன்னார். சரி, அவர் சொல்லவில்லை, நான் சொன்னேன், அவர் மறுக்கவில்லை. அந்தக் கார்டுக் கட்டைப் பிரித்து வைத்த அதே மேசைமேல் இன்னொரு காகிதமும் கிடக்கிறது. அதிலும் நான் இருக்கிறேன், ஆனால் என் பெயர் இல்லை. இரண்டுமே உன் வேலைதான். எது என்னை அதிகம் சுட்டது என்று கேட்டால், பெயர் இல்லாத காகிதம்தான்.

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படிப்பதற்காக எழுதவில்லை. இன்னும் சிலர் படிக்க வேண்டியிருக்கிறது. ஆகையால் உனக்குத் தெரிந்த கதைகளையும் முதலிலிருந்து சொல்வேன், பொறுத்துக்கொள். எட்டாம் வகுப்போடு நின்றவன் இவ்வளவு நீளமாக எழுதுகிறானே என்று யாருக்காவது ஆச்சரியம் வந்தால், வரட்டும். எனக்கே கொஞ்சம் வருகிறது.

நான் துணி வியாபாரி. புதுநகரத்தில் ரயில் பாதையை ஒட்டி வீடும் கடையும் ஒன்றாக இருக்கிறது. மாதம் ஒருமுறை சம்பள நாளைக் கணக்குப் பண்ணி, சேலை, நைட்டி, ஸ்வெட்டர், கம்பளி எல்லாம் மூட்டை கட்டி, பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக மூணாறுக்கு ஏறி, அங்கிருந்து சின்னக்கானல் எஸ்டேட்டுகளுக்குப் போவேன். தவணைக்குக் கொடுத்து அடுத்த மாதம் வசூல் செய்வேன். முப்பது வருடமாக இதுதான் பிழைப்பு. மறையூர் ரோட்டில் ஒருமுறை ஒற்றை யானை ஜீப்பை மறித்தபோது நான் இறங்கிப் போய், "வழி விடு சாமி, சம்பள நாள்" என்று சொல்ல, அது காதை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு ஒதுங்கியது. சிறு வயதில் இதை நீ நம்பினாய். பத்து வயதில், "ஜீப்புல இருந்து நீங்க இறங்குனீங்களாங்க, இல்லீங்களா, அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டாய். இறங்கவில்லை. யானையும் தானாகத்தான் போனது. அன்றைக்கே நான் உஷாராகியிருக்க வேண்டும். இந்தப் பையன் பெரியவனானால் கேள்வி கேட்டே சம்பளம் வாங்குவான் என்று.

எனக்கும் உன் சின்னம்மா சபூராவுக்கும் பிள்ளை இல்லை. உன் அத்தா, என் அண்ணன், போனபோது உனக்கு நான்கு வயது. அதற்குப் பிறகு நீ என் மகன். இதை எந்த ஆபீசிலும் எழுதி வாங்கவில்லை, எழுதி வாங்காததெல்லாம் செல்லாது என்று நீ இப்போது சொன்னாலும் சொல்வாய். கோயம்புத்தூரில் படித்தாய், அங்கேயே வேலைக்குச் சேர்ந்தாய். என்ன வேலை என்று ஊரில் கேட்டால் நான் பாங்கு மேனேஜர் என்று சொல்லி வைத்தேன். நீ வந்து அதையும் கெடுத்தாய். சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து விளக்கினாய்.

"அதில்லீங்க சின்னத்தா. பணத்தை எதுல போடலாம்னு சனங்களுக்கு யோசனை சொல்ற கம்பெனிங்க இருக்குதில்லீங்க. அவங்க சனங்களை ஏமாத்தாம இருக்கறதுக்கு சர்க்கார் விதி வெச்சிருக்குது. அந்த விதிப்படி நடக்க அவங்களுக்கு நாங்க உதவி செய்யறோம்."

"ஏமாத்தாம இருக்கறதுக்கு உதவி எதுக்கு? ஏமாத்தாம இருந்தாப் பத்தாதா?"

"பத்தாதுங்க. ஏமாத்தலைன்னு காட்டணும். யார் என்ன சொன்னாங்க, வாங்குனவங்களுக்குப் புரிஞ்சுதா, அவங்க நெலமைக்கு அது ஏத்ததா, கமிஷன் இருக்குதுன்னு சொன்னாங்களா, எல்லாத்துக்கும் எழுத்து இருக்கணும், குரல் பதிவு இருக்கணும்."

"இத்தனை கேட்டா எந்தப் பைத்தியக்காரன் யாவாரம் பண்ணுவான்" என்று நான் சிரித்தேன். சபூராவும் சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. நீ முதல் பைக் வாங்கியபோது கடன் தாளைக் கடைசிப் பக்கம் வரை படித்தாயே, ஷோரூம்காரர் சாப்பிடப் போய், சாப்பிட்டுவிட்டு, பல் குத்திக்கொண்டே திரும்பி வந்தும் நீ படித்துக்கொண்டிருந்தாயே, அதே முகம். அந்த முகத்தில் எனக்குப் பெருமை உண்டு. அந்த முகம் ஒரு நாள் என் பக்கம் திரும்பும் என்று மட்டும் நினைக்கவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். மூணாறில் ஒரு நிதி ஆலோசனை நிறுவனம் கிளை திறந்தது. அதன் மேனேஜர் என்னைத் தேடி வந்தார். எஸ்டேட் லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எந்த வீட்டுக் கதவையும் தட்டாமல் திறக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் சொன்னார்களோ, தப்பாகச் சொல்லவில்லை. "பாய், நீங்க துணி மட்டும் வித்தாப் போதுமா? வேலையில இருந்து ஓய்வாகி வர்றவங்க கையில பணம் வருது. அதை நல்ல இடத்துல போடச் சொல்லுங்க" என்றார். நானும் கேட்டேன், அவசரம் வந்தால் எடுக்கலாமா என்று. "எப்ப வேணும்னாலும் பாய், பாங்கு மாதிரிதான்" என்றார். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. நான் அதன் ஓரத்தில் இருந்த படத்தைப் பார்த்தேன். ஒரு குடும்பம் குடைக்குள் நின்று சிரித்துக்கொண்டிருந்தது. குடையும் ஒரு துணிதானே என்று எனக்கு நம்பிக்கை வந்தது. மறு வருடம் மூணாறில் மேடை போட்டு எனக்குச் சால்வை போட்டார்கள். ஆயிரம் பேர் கைதட்டினார்கள் என்று உன்னிடம் சொன்னேன். நாற்பது நாற்காலி இருக்கும். முன்வரிசை நிறைந்திருந்தது.

கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது, அப்புறம் ஒரு போன் வரும். நிறுவனத்திலிருந்து ஒரு பெண் பேசுவாள். இன்ன திட்டம், இத்தனை வருடம், நடுவில் எடுக்க முடியாது, புரிந்ததா, யாராவது பொய் வாக்குக் கொடுத்தார்களா என்று வரிசையாகக் கேட்பாள். வாங்கியவர் தன் வாயால் பதில் சொல்ல வேண்டும். அது பதிவாகும். அந்தப் பதிவு இல்லாமல் எதுவும் முடியாது. வாங்குகிறவர்களைக் காப்பாற்றுவதற்காகத்தான் அந்தப் போன் என்று இப்போது உன் புண்ணியத்தில் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு அது ஒரு இடைஞ்சல், அவ்வளவுதான்.

முதல் தடவை நடந்தது ஆனைகட்டியில். அங்கே ஒரு தையல்காரர், என்னிடம் துணி எடுப்பவர். அவர் கடையில் நான் உட்கார்ந்திருக்கும்போதே போன் வந்தது. மலையாளத்தில் ஒரு பெண் மளமளவென்று பேச, மனுஷன் ஊசியைக் கீழே போட்டுவிட்டார். போனைப் பொத்திக்கொண்டு என்னிடம் நீட்டினார்.

"எனக்கு வெடவெடன்னு வருதுங்க பாய். நீங்களே பேசிருங்க."

"உங்க பேர்ல நான் எப்படிப் பேசறதுங்க?"

"நீங்கதான் எல்லாரு மாதிரியும் பேசுவீங்களே. கல்யாண ஊட்டுல பேசுனீங்களே."

அது உண்மை. எனக்கு அந்த வரம் உண்டு. பஞ்சாயத்துத் தலைவர், பஸ் கண்டக்டர், பள்ளிவாசல் அசரத்து, பால்காரி, எல்லாக் குரலும் வரும். சினிமாவுக்கே கூப்பிட்டார்கள், அதாவது நான் கூப்பிட்டேன், அவர்கள் எடுக்கவில்லை. நான் தொண்டையைக் கனைத்துத் தையல்காரர் குரலில், மூக்கடைப்போடு, நாலு கேள்விக்கும் பதில் சொன்னேன். அவர் தன் குரல் என் வாயிலிருந்து வருவதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என் சம்சாரம் கேட்டாக்கூட ஏமாந்துருவாங்க" என்றார். அன்று நான் பஸ் ஏறும்போது பெரிய காரியம் செய்துவிட்ட நெஞ்சோடு ஏறினேன்.

சின்னக்கானல் லயங்களில் ரேஞ்ச் கிடையாது. போன் அடித்து அடித்து நின்றுபோகும், பணம் பாதியில் தொங்கும். மேனேஜர் என்னைக் கடிந்துகொள்வார். "ஏதாவது ஒரு நம்பர் போடுங்க பாய், எடுக்கற நம்பரா போடுங்க" என்றார். எடுக்கிற நம்பர் என்றால் என் நம்பர். கடையில் பழைய போன்கள் சில இருந்தன, அவற்றையெல்லாம் உயிர்ப்பித்தேன். போன் புதுநகரத்தில் அடித்தது, ஆள் சின்னக்கானலில் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தார், குரல் என்னுடையது. இப்படிப் பதினொரு பேர். அதில் ஒருவர் முத்துப்பேச்சி.

முத்துப்பேச்சியை நீ பார்த்ததில்லை. என் முதல் மூட்டையில் முதல் சேலை எடுத்தவர் அவர்தான். புருஷன் இல்லை. ஒரே மகளைப் போடியில் கட்டிக் கொடுத்திருக்கிறார். எஸ்டேட்டில் வேலை முடிந்தால் லயத்து வீட்டைக் காலி பண்ண வேண்டும், அது அங்கே சட்டம். வேலை முடிந்தபோது கையில் வந்த கிராஜுவிட்டிப் பணத்தில் போடிப் பக்கம் ஓர் அறை வாங்கலாம் என்றிருந்தார். நான்தான், "அதுவரைக்கும் சும்மா எதுக்குக் கெடக்குது, இதுல போடுங்க, வேணுங்கறப்ப எடுத்துக்கலாம்" என்றேன். எஸ்டேட் ஆபீசில் கெஞ்சி வீட்டுக்கு ஒரு வருடம் தவணை வாங்கிக்கொண்டு, முழுப் பணத்தையும் என்னை நம்பிப் போட்டார். மறு வருடம் அவருக்குத் தாள் வந்தது. அதே தொகையை இன்னும் நான்கு வருடம், வருடா வருடம் கட்ட வேண்டுமாம். கட்டாவிட்டால் போட்டதில் பாதிக்கு மேல் போய்விடுமாம், மீதியும் ஐந்து வருடம் முடிந்துதான் வருமாம்.

மூணாறு கிளைக்குப் போய்ப் புகார், அங்கே பராதி என்பார்கள், எழுதிக் கொடுத்துவிட்டு, அவர் நான்கு பஸ் மாறி என் கடைக்கு வந்தார். நான் கொடுத்த சேலையையே கட்டிக்கொண்டு வந்திருந்தார். டீ கொடுத்தேன், குடிக்கவில்லை.

"பாய், அந்த ஆபீஸ்ல எனக்கு ஒண்ணு போட்டுக் காமிச்சாங்க. ஒரு பொம்பள பேசுது. எல்லாம் புரிஞ்சுதும்மா, சரிம்மாங்குது. அச்சு அசல் என்னைய மாதிரியே பேசுது. நான் பேசவே இல்லையே பாய்."

நான் மூட்டையை அவிழ்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

"ரெண்டு நாளா யோசிச்சுப் பாக்கேன். நானே பேசிட்டு மறந்துட்டேனோன்னு இருக்கு. எங்கம்மைக்கும் கடைசில இப்படித்தான் எல்லாம் மறந்துபோச்சு. எனக்கும் அப்படி ஆகிப்போச்சா பாய்?"

ரியாஸ், இதை மறைக்காமல் எழுதுகிறேன். அச்சு அசல் என்னைய மாதிரியே என்று அவர் சொன்னபோது, கண்ணிமைக்கும் நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்து நான் சொன்னது அதைவிடக் கேவலம். "வயசாச்சில்லீங்க, மறந்திருப்பீங்க" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "இருக்கும் பாய்" என்றார். போகும்போது, "ஒங்க சேலையில சாயம் போனப்பகூட நான் ஒரு வார்த்தை சொன்னதில்ல. அதனால கேக்கேன், எப்படியாச்சும் பணத்தை வாங்கிக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மேனேஜருக்குப் போன் போட்டேன். சால்வை போட்ட அதே மேனேஜர். "நீங்க எங்க ஸ்டாப் இல்லையே பாய், நீங்க சொன்னதுக்கு நாங்க எப்படிப் பொறுப்பு" என்றார். எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று அவர்தான் சொன்னார் என்றேன். "எழுத்துல இருக்கா" என்றார். இந்தப் பேச்சை நான் முன்னமே ஒரு சாப்பாட்டுத் தட்டு முன்னால் உன் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்.

இதற்கிடையில் பராதிகள் பெருகி, அந்த நிறுவனத்தை விதிப்படி சீர்செய்து காட்டச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அவர்கள் உதவிக்குப் பிடித்தது உன் ஆபீசை. அந்தக் குரல் பதிவுகளைக் கேட்க உட்கார்ந்தவன் நீ. ஊரில் எத்தனையோ பேர் இந்த வேலை பார்க்கிறார்கள், காதில் மாட்டிக்கொண்டு என் தொண்டையைக் கேட்க வேண்டியவன் நீயாகவா இருக்க வேண்டும்?

நோன்புப் பெருநாளைக்கு வந்தாய். சபூரா உனக்குப் பிடித்த மாதிரி பிரியாணி ஆக்கியிருந்தாள். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி போகிற ரயில் எங்கள் சுவரை உரசாத குறையாகப் போகும். அது போகும்போது பேசினால் எதிரே இருப்பவருக்குக் கேட்காது. ஆகவே என்ன பேச்சானாலும், சண்டையானாலும், "வண்டி போகட்டும்" என்று சொல்லி நிறுத்துவோம். போனபின் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். நம் வீட்டில் பிறந்த பேச்சு இது. அன்று நான் யானைக் கதையைப் புது மாப்பிள்ளைக்குத் தகுந்தபடி மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தேன். ரயில் வந்தது. "வண்டி போகட்டும்" என்று கையைத் தூக்கினேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவப் போனாய். வயிறு சரியில்லை என்றாய். பொய். அன்றைக்கு உனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

போன வாரம் மேனேஜர் போனில் சிரித்துவிட்டு, உன் கையெழுத்துப் போட்ட அறிக்கையின் ஒரு பக்கத்தை எனக்கு அனுப்பினார். ஜெராக்ஸ் கடைப் பெண்ணிடம் கொடுத்து, தமிழில் சொல்லச் சொன்னேன். பதினொரு பதிவுகளிலும் ஒரே ஆள் குரலை மாற்றிப் பேசியிருப்பதாகத் தெரிகிறது. சின்னக்கானலில் இருப்பதாகச் சொல்லும் வாடிக்கையாளரின் பதிவில் பின்னால் ரயில் சத்தம் கேட்கிறது, அந்தப் பகுதியில் ரயில் பாதை இல்லை. பேசுபவர் நடுவில் வண்டி போகட்டும்மா என்று சொல்லி நிறுத்துகிறார். இதுவரை வாசித்துவிட்டு அவள், "சின்னக்கானல்ல ஏதுங்க ரயிலு" என்று தானே சிரித்தாள். அடுத்த வரியை வாசித்தாள். பேசியவர் யார் என்று அடையாளம் காண முடியவில்லை.

யார் என்று தெரியாததால் நிறுவனத்துக்கு வசதியாகப் போயிற்று. வாடிக்கையாளரே தனக்கு வேண்டியவர் யாரையாவது பேச வைத்திருக்கலாம் என்று எழுதி, முத்துப்பேச்சியின் பராதியை முடித்துவிட்டார்கள். மேல்முறையீட்டுக்கு இந்த மாதக் கடைசி வரைதான் நேரம். லயத்து வீட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டியதும் அதே நாள்தான்.

உனக்குப் போன் போட்டேன்.

"ஏண்டா அப்படி எழுதுனே?"

"உங்க பேரை எழுதலீங்களே சின்னத்தா."

"அதைத்தாண்டா கேக்கறேன்."

 "கல்யாணம் முடியட்டுங்க. பொண்ணூட்டுக்காரங்க காதுக்குப் போனா நல்லா இருக்காதுங்க. அப்புறம் பாத்துக்கலாம்" என்றாய்.

"முத்துப்பேச்சிக்கு அப்புறம் இல்லையே" என்றேன். ரயில் வந்தது. வண்டி போகட்டும் என்று நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சத்தம் அடங்கியபோது நீ போனை வைத்திருந்தாய்.

இப்போது என் வழக்கைக் கேள். முதலில், நீ என்னிடம் வந்து கேட்கவில்லை. முகத்துக்கு நேரே, "சின்னத்தா, இது நீங்கதானுங்களே" என்று ஒரு வார்த்தை. பத்து வயதில் யானையைப் பற்றிக் கேட்கத் தெரிந்தவனுக்கு இருபத்தெட்டு வயதில் இதைக் கேட்கத் தெரியவில்லையா? என் சோற்றைத் தின்றுகொண்டே என்னை எடைபோட்டாய். அதை நான் சுலபத்தில் மறக்கமாட்டேன். இரண்டாவது, ஒரே ஆள் குரலை மாற்றிப் பேசியிருக்கிறார் என்று எழுதினாய். அந்தப் பதினொரு பேரில் செல்லையாவுக்கு நான் வைத்த தொண்டை வேறு, மாரியம்மாளுக்கு வைத்த இழுவை வேறு. ரயில் மட்டும் குறுக்கே போகாமல் இருந்திருந்தால் நீ கண்டுபிடித்திருக்கமாட்டாய், பந்தயம். மூன்றாவதுதான் பெரிது. வாளையாரிலிருந்து தேவிகுளம் வரை எந்தக் கடையில் போட்டுக் காட்டினாலும், இது புதுநகரத்துப் பாய் என்று சொல்லிவிடக்கூடிய குரல் இது. உனக்குத் தூங்கக் கதை சொன்ன குரல். அதைக் கேட்டுவிட்டு, அடையாளம் தெரியவில்லை என்று உன் கையால் எழுதினாய். அறுபது வயதில் எனக்கு நடந்த அவமானங்களில் இதற்கு மேல் ஒன்று இல்லை.

இதையெல்லாம் சபூராவிடம் கத்தினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். "ஏனுங்க, அந்தப் பொம்பளைகிட்ட, மறந்திருப்பீங்கன்னு சொன்னீங்களே, உள்ள இருந்து கேட்டேனுங்க. அது யாரு குரலுங்க? அது உங்க சொந்தக் குரல்தானுங்களே" என்றாள்.  

மேனேஜர் என்னை ஏமாற்றினார், அது நிஜம். ஆனால் அன்றைக்குப் போனில் அந்தப் பெண், "அஞ்சு வருஷம், வருஷா வருஷம் கட்டணும், நடுவில எடுக்க முடியாது, புரிஞ்சுதா" என்று கேட்டது என் காதில் தெளிவாக விழுந்தது. அந்தக் கேள்வியின்போது வண்டி எதுவும் போகவில்லை. எடுக்கலாம் என்று நான் முத்துப்பேச்சியிடம் சொன்னது பொய் என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. தெரிந்துதான், அவர் குரலில், புரிஞ்சுதும்மா என்று சொன்னேன். மூட்டை கட்ட வேண்டியிருந்தது, பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்குமா என்று தேடிப் பார்த்தேன். என் வழக்கப்படி ஒன்றை உண்டாக்கவும் பார்த்தேன். வரவில்லை.

நீ வாழ்க்கை தொடங்கப் போகிறாய், ஒரு சின்னத்தாவாக நான் புத்தி சொல்ல வேண்டிய இடம் இது. உன் பெண்டாட்டி பேச வேண்டிய இடத்தில் நீ அவள் குரலில் பேசாதே. அவளுக்குப் பதிலாகப் புரிந்தது என்று நீ சொல்லாதே. நான் சபூராவுக்காக எத்தனை இடத்தில் சரி சொல்லியிருக்கிறேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன், அவள் வெங்காயம் உரித்தபடியே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இன்னொன்று, யாரைக் காப்பாற்றுவதற்காகவும் உன் எழுத்தில் பொய் வைக்காதே. அதில் நான் கெட்டிக்காரன், எனக்கு அது ஒட்டும். உனக்கு ஒட்டவில்லை. அந்த ஒரு வரியை வாசிக்கும்போது ஜெராக்ஸ் கடைப் பெண்ணுக்கே சந்தேகம் தட்டியது. "ரயில் வரைக்கும் கண்டுபிடிச்சவரு ஆளைக் கண்டுபிடிக்காம விட்டுருக்காரே" என்றாள். நான் உன்னைக் கெடுத்துவிட்டேன் என்பது அங்கே நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. உன்மேல் இருக்கிற கோபம் அதனால் குறைந்துவிட்டது என்று நினைக்காதே. இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன.

பெண் வீட்டாருக்கு நானே போய்ச் சொல்லிவிட்டேன், இன்று காலையில். பெண்ணின் அத்தா நெடுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். "நாளைக்குப் பொறக்கற எங்க பேத்திக்கு நீங்க யானைக் கதை சொல்லுவீங்கன்னு நெனச்சேன்" என்றார். கல்யாணம் உண்டா இல்லையா என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உண்டு என்று உன்னிடம் சொல்லலாம்தான். சொல்லவில்லை. அவர் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தை நாலு பிரதி எடுத்திருக்கிறேன். ஒன்று உனக்கு. ஒன்று அந்த நிறுவனத்துக்கு. ஒன்று மேல்முறையீட்டு ஆபீசுக்கு. ஒன்றை நாளை நானே பஸ் ஏறி முத்துப்பேச்சியிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டப் போகிறேன். உங்களுக்கு ஞாபக மறதி எதுவும் இல்லை, உங்கள் அம்மையின் வியாதி உங்களுக்கு வரவில்லை, அந்தப் பொம்பளை நான்தான் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அவர் என்ன செய்வார் என்று தெரியவில்லை. சாயம் போன சேலை எல்லாம் இருக்கிறதல்லவா, எடுத்து என்மேல் எறியட்டும்.

எழுத்து மட்டும் போதாது, குரலும் வேண்டும் என்று நீதானே சொன்னாய். ஆகவே இந்தக் கடிதம் முழுவதையும் கடையில் உட்கார்ந்து வாய்விட்டு வாசித்துப் போனில் பதிவு செய்திருக்கிறேன். அந்தப் பதினொரு குரலிலும் ஒவ்வொரு வரி பேசியும் வைத்திருக்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்க உனக்கு உதவியாக இருக்கும். முத்துப்பேச்சி குரலுக்கு வந்தபோது ரயில் வந்துவிட்டது. வண்டி போகட்டும் என்று நிறுத்தினேன். அதை வெட்டவில்லை, அப்படியே இருக்கிறது. வண்டி போனபின் அவர் குரல் எனக்கு வரவில்லை. மூன்று தரம் முயன்றேன். அந்த இடத்தில் என் குரலில்தான் பேசியிருக்கிறேன்.

நீ அறிக்கையைத் திருத்தி எழுது. கார்டில் தங்க எழுத்தில் போடச் சொன்னாயே, அதே பெயர்தான். எழுத்துப் பிழை இல்லாமல் போடு. சாதா மை போதும்.